மயிலைக்கு வைத்த சோறு

குதிரை நின்ற நிலையைப் பார்த்தவுடனேயே தவமலர் நடையை நிறுத்தினாள். முன்னங்கால்கள் இரண்டையும் நீட்டி ஊன்றி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு, சாய்வதற்கு இடம் தேடுகிற நோயாளியைப் போல அது நின்றது. கேற் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் கனைத்துக்கொண்டு ஓடி வருகிற பிராணி. இன்றைக்குக் காதை மட்டும் திருப்பியது. அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மயிலை, வாம்மா. வா பாப்பம்."

அது ஒரு காலைத் தூக்கி வைத்தது. பிறகு மற்றக் காலைத் தூக்கி வைத்தது. சுடுமணலில் செருப்பில்லாமல் நிற்கிறவர்கள்தான் அப்படிக் கால் மாற்றுவார்கள். ஆனால் அது நின்றது புரட்டாசிப் பனியில் நனைந்து ஊறிப்போன மண்ணில். தவமலர் முழங்காலை ஊன்றி இருந்து குளம்பைத் தொட்டாள். கொதித்தது. குளம்புக்கு மேலே, கணுவின் பின்புறம் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். சும்மா இருக்கவேண்டிய இடத்தில் நாடி விரலை இடித்தது.

அந்த நாடியைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் இசபெல். குதிரையின் சொந்தக்காரி. "இது தெரியக் கூடாது, மலர். தெரிந்தால் வேறு எதையும் செய்யாதே, எனக்குப் போன் செய்" என்று சொல்லி, அவள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்துக் காட்டியிருந்தார். இசபெல் பேசுவது ஆங்கிலம்தான் என்றாலும், இத்தனை வருசம் கூட வேலை செய்ததில் அது தவமலரின் காதுக்குள் போகும்போதே தமிழாகிவிடும். இடுப்பெலும்பு ஒப்பரேசன் செய்துகொண்டு அவர் ஆடி மாதம் தொடக்கம் பிரைற்றனில் தங்கை வீட்டில் கிடந்தார். தொழுவமும் குதிரையும் தவமலரின் பொறுப்பு.

வான்ஸ்டெட் வெளியைத் தாண்டி, ரயில் பாதைக்கும் பழைய கல்லறைகள் கிடக்கிற சேமக்காலைக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிற சின்ன இடம் அது. மனோர் பார்க்கிலிருந்து பஸ்ஸில் வந்து, முள்ளுப் பற்றையோரம் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். மற்றவர்களின் குதிரைகளும் சில அங்கே நின்றன. எல்லாம் நெட்டையானவை, போர்வை போர்த்தவை, பெயர்ப்பலகை மாட்டியவை. அவற்றுக்கு நடுவில் இந்த ரஷ்யக்காரி மட்டக்குதிரை. முதுகு தவமலரின் மோவாய் உயரத்துக்குத்தான் வரும். எலிச்சாம்பல் நிறம். பிடரியிலிருந்து வால்வரை முதுகில் கறுப்புக் கோடு. கால்களில் மெல்லிய வரிகள், வரிக்குதிரையிடம் இரவல் வாங்கியதுபோல. வியாட்கா என்ற ஆற்றங்கரைப் பக்கத்து இனமாம். அந்த நாட்டிலேயே அருகிப்போய்விட்டதாம். இசபெல் இளமையில் அங்கே சுற்றப்போய், பிறகு கிழவியான காலத்தில் பிடிவாதம் பிடித்து இதைத் தருவித்திருந்தார். கடதாசியில் அதன் பெயர் ரியாபினா. முதல்முறை கண்டபோதே, "இது எங்கட மயிலை மாட்டின்ர நிறமெல்லே" என்றார் தவமலரின் கணவர் செல்வரத்தினம். அதிலிருந்து அது மயிலை.

இசபெல்லின் சட்டங்கள் தவமலருக்கு மனப்பாடம். பனிக்காலத்தில் இதன் மேலில் ஒரு விரல் புதைகிற அளவுக்கு மயிர் அடர்ந்துவிடும்; போர்வை வேண்டாம். மழைக்குள் நிற்கட்டும், பரவாயில்லை. லாடம் தேவையில்லை, குளம்பு கல்லுப் போன்றது. ஆனால் தீன் மட்டும் அளந்துதான். முழங்கால்வரை பனிக்குள் வண்டி இழுத்து, வைக்கோலும் சருகும் தின்று வளர்ந்த வம்சம். அந்த உடம்பு கிடைக்கிற ஒவ்வொரு கவளத்தையும் சேமித்து வைக்கும். பசும்புல் ஆகாது. காய்ந்த புல்லைக்கூட இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, இனிப்பு இறங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அப்பிள் இல்லை, காரட் இல்லை, பாண் ரொட்டி இல்லை.

"இவளைக் கொல்ல நஞ்சு வேண்டாம், மலர். அன்பாக இருக்கிற நாலு பேர் போதும்."

அதைச் சொன்னபோது இருவரும் சிரித்தார்கள். இப்போது தவமலருக்கு அது நெஞ்சில் வந்து நின்றது. ஏனென்றால் நாலு பேர் இல்லை. கனபேர்.

எல்லாம் ஆடி அமாவாசையில் தொடங்கியது. அடுத்த வீட்டுத் தனுஷியா தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அந்த மனுசன் சித்திரையில் சாவகச்சேரியில் கண்ணை மூடினார். விசா இழுபறியில் இவளுக்குப் போக ஏலாமல் போயிற்று. அமாவாசைக்கு விரதம் பிடித்துச் சமைத்துப் படைத்தாள். காகத்துக்கு மனோர் பார்க்கில் குறைவில்லை. பின்வளவு மதிலில் வந்து வரிசையாக இருந்தன. ஆனால் பசுவுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஊரிலிருந்து தாய் போனில் அழுதாள். பசுவுக்கு எங்கே போவது? அந்த வட்டாரத்தில் பசு இருப்பது பால் போத்தலின் படத்தில் மட்டும்தான். கண் வீங்கிப் போய்த் தனுஷியா வந்து கதவைத் தட்டினாள்.

"மலரக்கா, உங்கட குதிரை புல்லுத்தானே தின்னுறது?"

"ஓம். அதுக்கென்ன?"

"குளம்பும் இருக்கு."

"இருக்கு."

"பசுவுக்குக் குடுக்கிறதை அதுக்குக் குடுத்தால் அப்பாவுக்குப் போய்ச் சேராதே?"

இதற்கு ஒரு பதில் வைத்திருக்கக்கூடியவர்கள் கோயிலில் இருந்தார்கள். தனுஷியா அவர்களிடம் கேட்கவில்லை, தவமலரும் கேட்கச் சொல்லவில்லை. ஒருநாள்தானே, ஒரு பிடிதானே என்று கூட்டிக்கொண்டு போனாள். பச்சரிசிச் சோறும் சர்க்கரையும் கதலிப்பழமும் பிசைந்த அந்த உருண்டையை மயிலை ஒரே வாயில் வாங்கியது. தனுஷியா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊரில் அழவேண்டிய அழுகையை அங்கே அழுதாள். போகும்போது முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு இசபெல்லின் சட்டமெல்லாம் தவமலருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அவ்வளவில் நின்றிருக்கலாம். ஆனால் தனுஷியாவின் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. கோயில் வரிசையில் நின்ற இரண்டு பேருக்குச் சொன்னாள். அவர்கள் எட்மண்டனில் இருக்கிற சொந்தக்காரருக்குச் சொன்னார்கள். தாய்க்குத் திவசம், மாமனுக்கு வருசம் முடிந்த ஆட்டைத்திவசம் என்று ஆவணி முழுக்க ஆட்கள் வந்தார்கள். செவன் கிங்ஸிலிருந்து கும்பகோணத்துக்காரர் கிருஷ்ணமூர்த்தி காரில் அகத்திக்கீரைக் கட்டோடு வந்து இறங்கினார். எங்கேதான் பிடித்தாரோ.

"முறைப்படி பசுதாங்க," என்றார். "ஆனா அப்பா கோவிச்சுக்க மாட்டார். அவருக்குக் குதிரைவண்டின்னா உசிரு."

ஒவ்வொருவரும் தாங்கள் கொடுப்பது ஒரு பிடி என்றுதான் நினைத்தார்கள். அது உண்மையும்தான். தவமலர் எல்லோருக்கும் கேற்றைத் திறந்துவிட்டாள். சோறு கொடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அவளுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வேலை அவள் செய்ததில்லை. அதோடு, புல்லுப் போட்டுத் தொங்கவிடுகிற வலையை, வெறுமையான பிறகும் மயிலை நக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் பொறுக்கவில்லை. மயிலையின் கழுத்து மேடு தலையணைபோல் தடித்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாமல் போயிற்று. "நல்லாக் கொழுத்து வடிவா வந்திட்டாள்" என்று வந்தவர்கள் சொன்னதை அவள் தன் கைராசிக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டாள். போன கிழமை மகாளய அமாவாசைக்கு வந்த கூட்டத்தில் கேற்றுக்கு வெளியே வரிசையே நின்றது.

தவமலர் இசபெல்லுக்குப் போன் செய்தாள். மிருக வைத்தியர் வந்து குதிரையைச் சுற்றி நடந்தார். குளம்பைத் தட்டிப் பார்த்தபோது அது காலை வெடுக்கென்று பறித்தது. ஒப்பரேசன் இடுப்போடு இசபெல்லும் பிரைற்றனை விட்டு வீடு திரும்பி, ரக்ஸி பிடித்து வந்து, கைத்தடியை ஊன்றிச் சுவரோரம் நின்றார். அவர் குதிரையைப் பார்க்காமல் அதன் கழுத்து மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது தவமலரை என்னவோ செய்தது.

வைத்தியர் சொன்னது இதுதான். குளம்புக்குள் இருக்கிற எலும்பை வெளி ஓட்டோடு பிடித்து வைத்திருக்கிற சதை வீங்கி அழன்றுவிட்டது. பிடி விட்டால் எலும்பு கீழே இறங்கும். கூடுதலாக இறங்கி உள்ளங்குளம்பைத் துளைத்தால் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை, ஊசி போட்டு அனுப்பிவிடவேண்டியதுதான். இப்போதைக்கு மணல் நிரப்பிய கொட்டிலுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். காலுக்கு ஐஸ் கட்ட வேண்டும். வலிக்குத் தூள் மருந்து. இரத்தம் எடுத்துப் போகிறேன், கொஞ்சநாள் கழித்து எக்ஸ்ரே எடுப்போம்.

"கடைசியாக என்னென்ன தின்றாள்?"

"ஊறவைத்த புல்லு," என்றாள் தவமலர்.

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான்."

வைத்தியர் எழுதிக்கொண்டார். தவமலருக்குக் காது இரண்டும் எரிந்தன. பொய் சொன்னதில் வெட்கம் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. இசபெல் அவளை நம்பியதுபோல இந்த நாட்டில் இன்னொருவர் நம்பியதில்லை.

வீட்டில் செல்வரத்தினம் இரவுச் சாப்பாட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஐப்பசியில் அவருக்கு நெஞ்சைத் திறந்து செய்கிற ஒப்பரேசன். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்த நாளைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. அரிசிமாப் பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக் கொடுத்துவிட்டு அவள் எதிரில் இருந்தாள்.

"நீர் சாப்பிடேல்லையே?"

"இறங்குதில்லை. மயிலைக்கு ஏலாமல் போச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிட்டைக் குழைத்தபடி கேட்டார்.

"தின்னக் குடுத்து நோய் வருத்தம் வாறதோ? நான் கேள்விப்படேல்ல. பட்டினி போட்டால்தான் வருத்தம் வரும்."

"டொக்டர் சொன்னவர்."

"டொக்டர்மார் சொல்லுவினம். எனக்கும்தான் சோத்தைக் குறை, உப்பைக் குறை எண்டு சொல்லுகினம். குறைச்சு என்ன கண்டன்? நெஞ்சை வெட்டப்போறாங்கள்."

"அப்பிடிக் கதையாதேங்கோ."

"இசபெல்லுக்குச் சொன்னனீரே, சனம் வந்ததை?"

"இல்லை. பயமாக் கிடக்கு."

"சொல்லாதையும். சொல்லி என்ன காணப்போறீர். சீவன் தானா எழும்பும்."

அவள் எழுந்து தனுஷியாவிடம் போனாள். இனி ஒருவரும் வரக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னாள். தனுஷியா போனைக் கையில் வைத்துக்கொண்டு விறைத்துப்போய் நின்றாள்.

"மலரக்கா, அது செத்துப்போனால்? நாங்கள் அப்பாக்களுக்கெண்டு குடுத்ததெல்லே. அது பழியா வந்து சேராதோ?"

"வாயை மூடு, பிள்ளை."

ஆனால் அதையேதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேலேயும் ஒன்றை நினைத்தாள், வெளியே சொல்லவில்லை. மயிலை எழும்பினால் இவரும் எழும்புவார். மயிலை விழுந்தால்? இப்படி ஒரு கணக்கை அவள் வேண்டுமென்று போடவில்லை. அது தானாகவே மனத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதுதான். கோயிலுக்குப் போய் முருகனிடம் நின்றபோது யாருக்காகக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று.

நாட்கள் போயின. விடியப் போய் ஐஸ் கட்டி, சாணம் அள்ளி, புல்லைத் தராசில் போட்டு வைத்தாள். மயிலை மெல்லத் தேறியது. கால் மாற்றுவது குறைந்தது. நாடி விரலுக்குத் தட்டுப்படாமல் மறைந்தது. தவமலருக்கு நித்திரை திரும்பியது. பிறகு ஒருநாள் காலை மயிலை பழையபடி முன்னங்காலை நீட்டி நின்றது. அடுத்த நாள் படுத்துவிட்டது. எழுப்பினால் எழும்ப மாட்டேன் என்று கிடந்து, பெருமூச்சுவிட்டது.

வைத்தியர் திரும்ப வந்தார். இந்தமுறை அவருடைய குரல் இறுகியிருந்தது.

"இரத்தத்தில் இனிப்பு ஏறியிருக்கிறது. எங்கிருந்தோ வயிற்றுக்குள் இனிப்பு போகிறது. புல்லில் அது இல்லை. நான் எங்கே தேடுவது?"

"பள்ளிக்கூடப் பிள்ளைகளாக இருக்கும்," என்றார் இசபெல். "வேலியால் எதையாவது எறிகிறார்கள். ஒரு அறிவிப்புப் பலகை மாட்டுகிறேன்."

கொட்டில் உள்ளுக்குள் இருந்தது. வேலியால் எறிந்தால் அங்கே வந்து விழாது. தவமலர் தீன்தொட்டியைக் கழுவுகிற சாட்டில் குனிந்தாள். மூலையில் ஒட்டிக் காய்ந்து இரண்டு மூன்று பருக்கை சோறு. சோற்றில் கறுப்பாக எள்ளு. விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். தனுஷியா எல்லோரையும் நிறுத்திவிட்டாள், அது நிச்சயம். இரவில் கொட்டிலும் கேற்றும் பூட்டியிருக்கும். சாவி இரண்டு. ஒன்று இசபெல்லிடம். மற்றது அவளுடைய வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவர் ஆணியில்.

அடுத்த நாள் காலை, வழக்கம்போல டொக்டர் நடக்கச் சொன்னார் என்று செல்வரத்தினம் இருட்டு விலகுமுன் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு புறப்பட்டார். கதவு சாத்தியதும் அவள் எழுந்து ஆணியைப் பார்த்தாள்; சாவி இல்லை. பிறகு சால்வையைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். அடுத்த பஸ்ஸில் போய் இறங்கியபோது வெளியில் பனிப்புகார் மூடியிருந்தது. கேற் திறந்து கிடந்தது. கொட்டிலுக்குள் அவர் மணலில் இருந்தார். மயிலையின் தலை அவருடைய மடியில் கிடந்தது. ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி.

"குடுக்காதேங்கோ," என்றாள். குரல் வெளியே வரவில்லை. திரும்பச் சொன்னாள். "இஞ்சருங்கோ, அதை வையுங்கோ."

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். களவெடுத்துப் பிடிபட்ட முகம் இல்லை அது. அலுத்துப்போன முகம்.

"பசியிலதான் படுத்திட்டாள், தவம். பாரும், நக்கித் தின்னுறாள்."

"ஆருக்கு எள்ளுச் சோறு? மாமாவுக்கு ஆடியில குடுத்தாச்சு. மாமிக்குச் சித்திராப் பௌர்ணமியில. இது ஆருக்கு?"

அவர் மயிலையின் நெற்றி மயிரை விலக்கிவிட்டார்.

"கேக்கிறன், ஆருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் அப்படியே மணலில் இருந்துவிட்டாள்.

"என்னத்தைச் சொல்லுறியள்?"

"கோவியாதையும். அப்பருக்கு நான் குடுக்கிறன். அப்பர் தன்ர அப்பருக்குக் குடுத்தவர். எனக்கு ஆர் இருக்கினம்? ஐப்பசியில வெட்டுறாங்கள். நூற்றுக்கு இத்தினை பேருக்குச் சரிவராமல் போகுமெண்டு அந்தச் சின்னப் பெடிச்சி டொக்டர் சிரிச்சுக்கொண்டு சொன்னவள். நீரும் பக்கத்தில இருந்தனீர்தானே. நான் போனால் ஆர் ஒரு பிடி வைப்பினம்? அதுதான் நானே குடுத்து வைப்பமெண்டு. என்ர கையால குடுத்தாலும் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்தானே."

"இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லேல்ல."

"என்னெண்டு சொல்லுறது? எனக்குப் பயமாக் கிடக்கெண்டு உமக்குச் சொல்லுறதே?"

முப்பது வருசத்துக்கு மேல் பக்கத்தில் படுத்த மனுசன். அவருக்குப் பயம் வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை. தன்னுடைய பயத்தை மறைப்பதிலேயே மினக்கெட்டு, அவருடையதைக் காணாமல் விட்டிருக்கிறாள். அவள் அழுதாள். அவரும் அழுதார். மயிலை பெட்டிப் பக்கம் மூக்கை நீட்டியது. தவமலர் பெட்டியை எடுத்து மூடி, தன் சால்வைக்குள் வைத்தாள்.

"நான் குடுப்பன்," என்றாள்.

"பொம்பிளையள் குடுக்கிறேல்ல."

"தனுஷியா குடுத்தவள். ஆர் என்ன சொன்னது? நான் குடுப்பன். ஆனால் இப்ப இல்லை. இன்னும் கனகாலம் போக. இந்தச் சீவனுக்கு இனி ஒரு பருக்கை குடுத்தீங்களெண்டால் இது செத்துப்போகும். உங்கட பேரில குடுத்த சோத்தில செத்துப்போகும். அது உங்களுக்குச் சரியே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு விளங்கேல்ல, தவம். உண்மையா விளங்கேல்ல. சோறு கொல்லுமெண்டு ஆர் நினைக்கிறது."

அன்று பத்து மணிபோல இசபெல் வந்தார். தவமலர் ஒரு வாளியைக் கவிழ்த்து அவரை இருத்திவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஆடி அமாவாசை, தனுஷியா, அகத்திக்கீரை, மகாளயத்து வரிசை, கடைசியாகக் கணவர். தன் ஆங்கிலத்தில் எவ்வளவு ஏலுமோ அவ்வளவையும் சொன்னாள். இசபெல் நெடுநேரம் கைத்தடியின் நுனியால் மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இறந்தவர்களுக்கான சாப்பாடா?"

"ஓம்."

"எத்தனை இறந்தவர்கள், மலர்?"

"கனபேர்."

"எல்லோரும் என் குதிரையின் வயிற்றில்." அவர் சிரிக்கவில்லை. "கொடுத்ததை நான் ஒருவேளை மன்னிப்பேன். வைத்தியர் கேட்டபோது பொய் சொன்னாயே. அவர் இருட்டில் தேடிக்கொண்டிருந்தார். அந்த நாட்களெல்லாம் இவளுடைய குளம்புக்குள் போயின."

"ஓம். என்ர பிழை."

"உன்னை அனுப்பிவிட வேண்டும். ஆனால் எனக்குக் குனிய முடியாது. இவளுக்கு உன் கை தெரியும். உன் கணவர் இனி இந்தக் கேற்றுக்குள் வரக் கூடாது. வேறு எவரும் வரக் கூடாது. எக்ஸ்ரே எடுக்கட்டும். பிறகு பார்ப்போம்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது முன்னங்குளம்பில் எலும்பு சரிந்திருந்தது. துளைக்கவில்லை. இந்த இனத்தின் கனத்த குளம்பாக இருந்தபடியால் தாங்கியிருக்கிறது என்றார் வைத்தியர். இன்னொருமுறை வந்தால் தாங்காது. பனிக்காலம் முழுக்க மெலிய வேண்டும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும்வரை பசியில் நிற்க வேண்டும். நடந்தால் நடக்கும், இல்லாவிட்டால் ஊசிதான். இனி வலித்தூளையும் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு தவமலர் செய்த வேலைதான் அவள் வாழ்க்கையில் செய்த கொடிய வேலை. அவளைக் கண்டால் மயிலை கனைக்கும். அவள் அளந்ததைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வலை வெறுமையானதும் அது கதவைக் காலால் உதைக்கும். அவள் முற்றத்தில் நின்று காதைப் பொத்திக்கொள்வாள். வீட்டில் செல்வரத்தினம், "தின்னுறாளே?" என்று கேட்பார். "குடுத்தது காணாதெண்டு கத்துறாள்" என்பாள். இருவரும் பிறகு சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தனுஷியா தினமும் மதிலால் எட்டி, "எழும்பி நிக்கிறாளோ, அக்கா?" என்று கேட்பாள். நிற்கிறாள், ஆனால் நடக்கவில்லை. நிற்கிற இடத்திலேயே நிற்கிறாள். அதுதான் பயம்.

ஒப்பரேசன் நாள் வந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். முதல்நாள் இரவோடு சாப்பாடு தண்ணீர் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். காலையில் அவள் தொழுவத்துக்குப் புறப்பட்டபோது அவரும் சப்பாத்தைக் கொழுவினார்.

"இசபெல் விடமாட்டா," என்றாள்.

"வெளியில நிண்டு பாத்திட்டு வாறன். வேலிக்கு வெளியில நிக்கிறதுக்கும் அவவிட்ட கேக்கோணுமே?"

பனி விழுந்து வெளியெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. மயிலையைக் கொட்டிலிலிருந்து மணல் முற்றத்துக்கு விட்டுப் பார்க்கச் சொல்லி வைத்தியர் அன்றைக்குத்தான் அனுமதித்திருந்தார். வலித்தூள் நிறுத்திப் பல நாளாகிவிட்டது. தவமலர் கதவைத் திறந்தாள். மயிலை வாசலில் நின்றது. மயிர் அடர்ந்து, வயிறு வற்றி, முன்னைய மயிலையாக இல்லாமல் ஒரு காட்டுச் சீவனைப்போல இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு இசபெல் சுவரோரம் நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் செல்வரத்தினம். இசபெல் அவரைக் கண்டார்; பார்வையை மயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மயிலை மூக்கை உயர்த்தி முகர்ந்தது. வேலிப் பக்கம் திரும்பியது. ஒரு காலை எடுத்து வைத்தது. மற்றக் கால். இடது கால். அந்தக் காலை அது நோகாமல் முழுப் பாரத்தோடு ஊன்றியது. மணலில் ஒரே சீராக நடந்து நேரே அவரிடம் போனது.

"தவம்," என்று அவர் கூப்பிட்டார். "ஒரே ஒரு வாய் புல்லு குடுக்கட்டே? இனி நான் வருவனோ தெரியாது."

இசபெல் திரும்பி அவளைத்தான் பார்த்தார்.

"இல்லை," என்றாள் தவமலர். "ஒண்டும் குடுக்காதேங்கோ. நீங்களும் ஒண்டும் குடியாதேங்கோ. திரும்பி வந்து பாருங்கோ, அவள் நிப்பாள்."

அவர் இரண்டு கைகளையும் விரித்து வேலிக்கு மேலால் நீட்டினார். மயிலை ஒரு கையை முகர்ந்தது, மற்றதை முகர்ந்தது, இடுக்கெல்லாம் தேடியது. சட்டைக் கையையும் பிடித்து இழுத்துப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் மூக்கால் பெரிதாக ஊதிவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. வந்ததைவிட வேகமாக, நாலு காலும் சரியாக ஊன்றி, முற்றத்தின் அடுத்த கரைக்குப் போய் வெறும் மணலை மோந்துகொண்டு நின்றது.

"கோவிச்சுக்கொண்டு போறாள்," என்றார் அவர். "பாத்தீரே, நல்லா நடந்து போறாள்."

வெறும் கைகளை வேலிக்கு மேலேயே வைத்துக்கொண்டு அவர் சிரித்தார். தவமலர் போய் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். பசியில் அவை குளிர்ந்துபோய்க் கிடந்தன.